பங்கு யார் கையில் இருக்கிறது?

திருப்பூணித்துறையில் கொச்சி மெட்ரோ ஏறினால் மறுமுனை ஆலுவா. இந்தத் தடத்திலும் அதன் அக்கம்பக்கத்திலும் பங்குச் சந்தையில் பெயர் பெற்ற மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன: கொச்சி கப்பல் கட்டும் தளம், ஃபாக்ட் உர நிறுவனம், ஃபெடரல் வங்கி. மூன்றிலும் பங்குகள் யார் கையில் இருக்கின்றன என்பது மூன்று விதம். அதைப் பார்க்காமல் விலை ஏறுகிறது என்பதற்காக மட்டும் பணம் போடுவதுதான் நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளர்கள் செய்யும் பெரிய தவறு.

கப்பல் தளம் 2017 ஆகஸ்டில் 432 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. 2024 தொடக்கத்தில் ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தது. அப்படிப் பிரிந்த பங்கே ஜூலையில் 2,900 ரூபாயைத் தாண்டியது. அப்போது 72.86 சதவீதப் பங்கு மத்திய அரசிடம் இருந்தது. அக்டோபர் 15 அன்று, 5 சதவீதம் வரை விற்கப்போவதாகவும் குறைந்தபட்ச விலை 1,540 ரூபாய் என்றும் அரசு அறிவித்தது. அது சந்தை விலையைவிடச் சுமார் 8 சதவீதம் குறைவு. மறுநாள் பங்கு விலை 5 சதவீதம் சரிந்து அன்றைய கீழ் வரம்பான லோயர் சர்க்யூட்டைத் தொட்டது. இதில் முறைகேடு எதுவும் இல்லை. கஜானாவுக்குப் பணம் தேவைப்படும்போது அரசு விற்கும். நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டர் விற்றாலே கம்பெனி சரியில்லை என்று பதறக் கூடாது. ஆனால் விற்கக்கூடிய பெரிய கை ஒன்று இருக்கிறது என்பது வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஃபாக்ட் விஷயம் இன்னும் கவனிக்கத்தக்கது. அதன் அம்பலமேடு ஆலை திருப்பூணித்துறைக்குப் பக்கம்தான். மொத்தம் சுமார் 64.7 கோடி பங்குகளில் 90 சதவீதம் அரசிடம். இன்னொரு 8.56 சதவீதம் அரசு அமைத்த சிறப்பு தேசிய முதலீட்டு நிதியில். மற்ற எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சுவது 1.44 சதவீதம், அதாவது ஏறத்தாழ 93 லட்சம் பங்குகள். இவ்வளவு குறைவான சரக்கை எல்லோரும் துரத்தினால் விலை எகிறத்தான் செய்யும். 2024 நடுவில் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. குறைந்தது 25 சதவீதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. அரசு நிறுவனங்கள் அதை நிறைவேற்றுவதற்கான கெடு 2026 ஆகஸ்ட் 1 வரை நீட்டிக்கப்பட்டது. 90-ஐ 75 ஆக்க அரசு விற்க வேண்டியது சுமார் 9.7 கோடி பங்குகள். இன்று வெளியே இருப்பதைப் போல் பத்து மடங்கு!

ஃபெடரல் வங்கியில் புரமோட்டர் இடத்தில் பூஜ்யம் இருக்கும். பயப்பட வேண்டாம். மியூச்சுவல் ஃபண்டுகளும் வெளிநாட்டு நிதி நிறுவனங்களும் பொதுமக்களும்தான் அதன் உரிமையாளர்கள். ஒரு தனியார் வங்கியில் 5 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும்.

இந்த விவரங்களைக் காலாண்டு முடிந்த 21 நாட்களுக்குள் நிறுவனங்கள் வெளியிட்டாக வேண்டும். என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் '2 லட்சம் ரூபாய் வரை' வைத்திருக்கும் தனிநபர்கள் என்றொரு வரி வரும். அது முகமதிப்புக் கணக்கு. கப்பல் தளப் பங்கின் முகமதிப்பு 5 ரூபாய்; ஆக 40,000 பங்கு வரை வைத்திருப்பவரும் அந்த வரியில்தான் வருவார். பங்கு 1,500 ரூபாய் என்றால் அது 6 கோடி! அந்த வரியில் இருப்போர் எல்லோரும் நம்மைப் போன்றவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

புரமோட்டர் பங்குகளில் எவ்வளவு அடமானத்தில் இருக்கிறது என்ற பகுதியை நான் முதலில் பார்ப்பேன். சத்யம் கம்ப்யூட்டர்ஸில் புரமோட்டர்கள் அடமானம் வைத்த பங்குகளைக் கடன் கொடுத்தவர்கள் விற்றுத் தீர்த்தார்கள். 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் மோசடி நடந்ததாக அதன் தலைவர் ராமலிங்க ராஜுவின் ஒப்புதல் கடிதம் வந்தது. அடமானத்தை வெளியே சொல்லியே ஆக வேண்டும் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி கட்டாயமாக்கியது அந்த மாதம்தான்.

இயக்குநர்களும் முக்கிய அதிகாரிகளும் ஒரு காலாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பங்கு வாங்கினாலோ விற்றாலோ, இரண்டு வர்த்தக நாட்களுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். நிறுவனம் அடுத்த இரண்டு நாட்களில் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். காலாண்டு முடிந்தது முதல் முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை அவர்கள் அந்தப் பங்கைத் தொடக் கூடாது. ஒரு இயக்குநர் 'வாங்கினார்' என்ற செய்தி வந்தால், கைக்காசு போட்டு வாங்கினாரா, ஊழியர் பங்குத் திட்டத்தில் கிடைத்ததா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல.

உள்ரகசியத்தை வைத்து வர்த்தகம் செய்தால் அபராதம் 25 கோடி ரூபாய் அல்லது லாபத்தின் மும்மடங்கு, எது அதிகமோ அது வரை போகும். சிறைத் தண்டனையும் உண்டு. 'உள்ளே இருந்து வந்த தகவல்' என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வாங்கினால், தகவல் பொய்யானால் பணம் போகும். மெய்யானால் நீங்களே குற்றவாளி ஆகலாம். இப்படி உள்ரகசியத்தை வைத்து நடக்கும் வர்த்தகத்தைச் செபிக்குத் தெரிவிப்பவருக்கு 10 கோடி ரூபாய் வரை வெகுமதி தர விதி இருக்கிறது.

புரமோட்டர் தன் சொந்த நிறுவனத்தோடு செய்யும் பெரிய பரிவர்த்தனைக்குப் பங்குதாரர் ஒப்புதல் தேவைப்பட்டால், அதற்கு ஆதரவாக அவரே வாக்களிக்க முடியாது. உங்கள் மின்வாக்குக்கு அங்கே மதிப்பு அதிகம். அழைப்பு மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்துக்கோ தரகருக்கோ எழுதுங்கள். தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யுங்கள். 21 நாட்களுக்குள் நிறுவனமோ தரகரோ பதில் அளிக்க வேண்டும். அதற்கும் மேலே ஸ்மார்ட் ஓ.டி.ஆர். என்ற இணையவழிச் சமரச ஏற்பாடு இருக்கிறது. செபியின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 266 7575. தமிழிலேயே பேசலாம்.