இசைத்தாளுக்கு ஏற்ற விளக்கு

திருவனந்தபுரம் கோட்டைக்குள் உள்ள நவராத்திரி மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒன்பது நாட்கள், மாலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை, கச்சேரி நடைபெறுவது வழக்கம். ஸ்வாதித் திருநாள் மகாராஜா (1813–1846) நவராத்திரிக்கென இயற்றிய கீர்த்தனங்கள் நாளுக்கு ஒன்றாக அங்கே பாடப்பெறுகின்றன. எண்ணெய் விளக்குகளின் மெல்லொளியில் பாடும் வித்துவானுக்கு நினைவாற்றலே துணை, ஏடு தேவைப்படுவதில்லை.

எனினும் அம்மகாராஜாவின் கீர்த்தனங்கள் இன்று நம் செவிக்கு எட்டுவதற்கு ஏடே பெரிதும் காரணம் என்பதை மறத்தலாகாது. வழக்கொழியும் நிலையிலிருந்த பல உருப்படிகளை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தேடித் திரட்டி, ஸ்வரப்படுத்தி நிலைபெறச் செய்தனர். 1939-ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கப்பெற்ற சங்கீதக் கலாசாலைக்கு முத்தையா பாகவதர் முதல் தலைவராகவும், அவருக்குப் பின் செம்மங்குடி தலைவராகவும் விளங்கினர். அங்கும், இன்னும் எத்தனையோ இல்லங்களிலும், மாணவர்கள் ஸ்வரப்படுத்திய நோட்டைத் தாங்கியின் மீது விரித்து வைத்துப் பயில்கின்றனர். ஆண்டின் எப்பருவத்திலும் மாலை ஏழு மணிக்குள் இருட்டிவிடும் இந்நகரில், அப்பயிற்சியின் பெரும்பகுதி விளக்கொளியிலேயே நிகழ்கிறது.

நமது ஸ்வரக் குறியீட்டில் ஸ்தாயியைக் காட்டுவது ஒரு புள்ளியே. எழுத்தின் மேல் புள்ளியிட்டால் தார ஸ்தாயி. கீழே இட்டால் மந்தர ஸ்தாயி. புள்ளி இல்லையேல் மத்திய ஸ்தாயி. காலத்தைக் காட்டுபவை எழுத்தின் மேலிடும் கோடுகள். கையால் எழுதிய நோட்டுகளில் அப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவே இருக்கும். அறுபது சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நோக்கினால், அது கண்ணில் அமைக்கும் கோணம் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு. நல்ல ஒளியில், குறையற்ற கண் அதனினும் சிறியதைக் காண வல்லது. ஒளி குன்றக் குன்ற அவ்வாற்றலும் குன்றுகிறது. முதலில் மறைவது எழுத்தன்று, புள்ளியே. ஸ்வரத்தைப் பிழையின்றிப் படிக்கும் மாணவி ஸ்தாயியில் மட்டும் தடுமாறுவாளாயின், ஆசிரியர் அவளைக் கடிந்துகொள்ளுமுன் விளக்கை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தல் நலம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஒரு லூமென் ஒளி சீராக வீழ்ந்தால் அப்பரப்பின் ஒளியூட்டம் ஒரு லக்ஸ் எனப்படும். முழுநிலவின் ஒளி அரை லக்ஸைக்கூட எட்டுவதில்லை. வகுப்பறைக்கு 300 லக்ஸ் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பெற்ற அளவு. நுண்ணிய குறிகளைப் படிப்பதற்கு 500 வரை இருப்பின் சிறப்பு. இனி, வீடுகளில் உள்ள நிலையை நோக்குவோம். பழைய 60 வாட் குமிழ் விளக்கு ஏறத்தாழ 700 லூமென் தரும். இன்றைய ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு அதனினும் சிறிது மிகுதியாகத் தரும். அக்குமிழ் தாங்கிக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் தொங்குமாயின், அதனின்று நேரே தாளுக்கு வருவது 14 லக்ஸ் மட்டுமே. சுவர்களிலிருந்து திரும்பி வருவதைச் சேர்த்தாலும் முப்பதைத் தாண்டுவது அரிது. அதே விளக்கை அரை மீட்டருக்குக் கொணர்ந்தால், தொலைவு நான்கில் ஒன்றாகக் குறைய, ஒளியூட்டம் பதினாறு மடங்காகி 220 லக்ஸைத் தாண்டுகிறது. பௌதிக வகுப்பில் தலைகீழ் வர்க்க விதியைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் எளிய உதாரணம் கிடைப்பது கடினம்.

ஆகவே பெரிய விளக்கு வேண்டுவதில்லை. அருகில் அமைந்த சிறு விளக்கே போதும். ஐம்பது சென்டிமீட்டர் அகலமும் முப்பத்தைந்து சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தாங்கிப் பலகையில் 300 லக்ஸ் பெற, அதன்மீது விழவேண்டிய ஒளி ஐம்பத்து மூன்று லூமென் அளவே. விளக்கின் ஒளியில் பாதி வீணாகுமெனக் கொண்டாலும் நூற்றுச் சொச்சம் லூமென் போதும். இரண்டு வாட் எல்.இ.டி. இதனைத் தந்துவிடும். வயது முதிர்ந்தோர்க்கு மட்டும் இக்கணக்குப் பொருந்தாது. அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினருக்குக் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. மாணவிக்குப் போதுமான விளக்கு ஆசிரியருக்குப் போதாமற் போவது இதனாலேயே.

அளவு இவ்வாறு எளிதில் கிட்டும், இடமே சிந்தனைக்குரியது. நம் நாட்டு இசைவாணர் தரையில் அமர்பவர். பிறநாட்டு வழக்கில் நின்றும் நாற்காலியில் அமர்ந்தும் வாசிப்போர்க்கென வடிவமைத்த விளக்கை அப்படியே நம் தாழ்ந்த தாங்கியில் பொருத்தினால், அதன் கூசொளி படிப்பவரின் கண்ணிலோ அருகிலிருப்போர் கண்ணிலோ நேரே பாயக்கூடும். விளக்கிற்கு மூடி இருத்தல் அவசியம். அமர்ந்த நிலையில் எவருக்கும் ஒளிரும் பகுதி நேரே தென்படலாகாது. பலகையின் மேல்விளிம்பில், அதன் முழு அகலத்திற்கும் ஒளி பரவுமாறு நீண்ட விளக்கைப் பொருத்துவதே உத்தமம். ஒற்றைப் புள்ளியாக ஒளிரும் விளக்கு நடுப்பக்கத்தை வெளுக்கச் செய்து ஓரங்களை இருளில் விட்டுவிடும். வலப்பின்புறத்திலிருந்து வரும் ஒளியோ பிடில் வாசிப்பவருக்குப் பெருந்தொல்லை. வில்லின் நிழல் தாளின் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும்.

பளபளப்பான தாளில் அச்சிட்ட நூல்கள் மற்றொரு துன்பம் தருவன. விளக்கின் பிம்பம் தாளில் மின்னி எழுத்தை அழித்துவிடுகிறது. இதனைச் சோதிக்கச் சிறு முகக்கண்ணாடி ஒன்று போதும். தாளின் மீது அதனைப் பல இடங்களில் வைத்து, அமர்ந்த இடத்திலிருந்தே நோக்குக. கண்ணாடியில் விளக்குத் தெரியும் இடத்தில் தாளும் கூசும். தெரியாத வரை விளக்கை நகர்த்துக. தாள் மட்டும் ஒளிர்ந்து அறை இருண்டிருப்பதும் தகாது. ஆசிரியரின் விரல்களை நோக்கித் தாளுக்குத் திரும்பும் கண், ஒவ்வொரு முறையும் புதிய ஒளிக்குப் பழக வேண்டியிருக்கும். தாளில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கேனும் சுற்றுப்புறத்தில் ஒளி இருக்கட்டும்.

கண்ணுக்கு ஏற்ற விளக்கு காதுக்கு ஏற்றதாக இராமலும் போகலாம். இசையறைக்கே உரிய இக்குறையைக் கடைக்காரர் அறியார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஆதலின் இரும்புச் சோக்கு பொருத்திய பழைய குழல்விளக்கின் இரைச்சல் நொடிக்கு 100 அதிர்வுகள் உடையது. ஒரு கட்டைச் சுருதியில் ஷட்ஜத்தின் அதிர்வெண் ஏறத்தாழ 131. தம்புராவின் பஞ்சமத் தந்தி அதற்குக் கீழே, ஏறத்தாழ 98 அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. இரண்டும் சேர்ந்தொலிக்கும்போது நொடிக்கு இரண்டு விம்மல்கள் எழுகின்றன. தந்தியைத் திரும்பத் திரும்ப முறுக்கியும் பஞ்சமம் சேரவில்லை என வருந்துவோர், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை மீட்டிப் பார்ப்பாராக. எல்.இ.டி. விளக்கில் இவ்விரைச்சல் பெரும்பாலும் இராது. ஆனால் அதன் பிடி தளர்ந்திருப்பின், மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கும்போதெல்லாம் ஒத்ததிர்வினால் கிறுகிறுக்கும். பிடிக்கும் பலகைக்கும் இடையே ஒரு துண்டு கம்பளித் துணி இதற்கு மருந்து.

மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில நொடிக்கு நூறு முறை மின்னி மின்னி எரிகின்றன. ஒளியைக் குறைக்கும் விசையைத் திருகும்போது வேறு சில அவ்வாறே ஆகின்றன. கண் இதனை உணராது, ஆயின் தலைவலி உணர்த்தும். வெண்டாளின் முன் ஒரு பென்சிலை விரைந்து அசைத்துப் பார்த்தால், நல்ல விளக்கில் அது சீரான மங்கலாகத் தெரியும். மின்னும் விளக்கில் தனித்தனிப் பென்சில்களாகத் தோன்றும். அன்றியும், ஆசிரியர் சிவப்பு, நீலப் பென்சில்களால் திருத்திய நோட்டை உடன் எடுத்துச் சென்று, கடையிலேயே விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தல் வேண்டும். சிவப்புத் திருத்தம் மங்கிய பழுப்பாகத் தோன்றின் அவ்விளக்கு வேண்டா.

நிறத்தைத் தேர்வதில் மழையையும் எண்ணுதல் தகும். முதல் மழைக்குப்பின் ஈசல் கூட்டம் நீலங்கலந்த வெள்ளொளியை நாடி வருவதுபோல் மஞ்சள்சாயல் ஒளியை நாடுவதில்லை. இரண்டு பருவமழைகளிலும் இடியோடு மின்சாரம் நின்றுபோவதைக் காணும் இப்பகுதியில், மின்கலத்தில் இயங்கும் விளக்கு பெரிதும் பயன்படும். இரண்டு வாட் விளக்கு இரண்டரை மணி நேரம் எரிய ஐந்து வாட்-மணி போதும். கைத்தொலைபேசிக்கு மின்னூட்டும் சிறு மின்கலப் பெட்டி அதனை எளிதில் தரும். ஈரக்காற்றில் இணைப்பு முனைகள் களிம்பு பிடிக்குமாதலால், மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் அவற்றைத் துடைத்து வைக்க வேண்டும்.