அக்கம்பக்கம் – 14: சுண்டலும் சபையும்

நவராத்திரி வந்தால் தி.நகர் அடுக்ககங்களில் ஒரு சின்னச் சங்கடமும் கூடவே வரும். எதிர்வீட்டு மாமி கொலுவுக்கு அழைப்பார். போனால் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு கிண்ணம் சுண்டல். கிறிஸ்தவ வீடுகளில் இந்தச் சுண்டலுக்கு மூன்று வழக்கம் உண்டு. சிலர் பேசாமல் வாங்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். சிலர், "படைக்கிறதுக்கு முன்னாடியே எங்களுக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சுடுங்க மாமி" என்று உரிமையோடு சொல்லிவைப்பார்கள். மாமியும் முகம் சுளிக்காமல் தனியே எடுத்துவைப்பார். இன்னும் சிலர் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு வந்து, கதவைச் சாத்தியதும் வீட்டு வேலை செய்யும் அம்மாவிடம் கொடுத்துவிடுவார்கள். எனக்குப் பிடிக்காதது இந்த மூன்றாவது. மாமியிடமும் உண்மை இல்லை, தன் சபையிடமும் உண்மை இல்லை.

சங்கடம் பழையது. கொரிந்து பட்டணத்துச் சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தில் 8, 10 ஆகிய இரண்டு அதிகாரங்களும் படைத்த உணவைச் சாப்பிடலாமா என்பதைத்தான் பேசுகின்றன. அவர் தீர்ப்பு நாம் நினைப்பதைவிட இளகியது. கடையில் விற்பதைத் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடலாம். அயல் மதத்தார் விருந்துக்கு அழைத்து, போக மனமிருந்தால், இலையில் வைப்பதைச் சாப்பிடலாம். 'இது படைத்தது' என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மட்டும், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிட வேண்டும். படைக்கும் முன் எடுத்துவைக்கச் சொல்லும் வீட்டார் இந்த நிருபத்தை நன்றாகப் படித்தவர்கள்தான் போலிருக்கிறது.

தன் சபையில் ஊன்றி நின்றபடியே இன்னொருவரின் பக்தியை மதிக்க முடியுமா? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் நான் அறிந்த சிறந்த சாட்சி ஒரு வெள்ளைக்காரர். லெஸ்லி நியூபிகின், இங்கிலாந்தில் 1909இல் பிறந்தவர். ஸ்காட்லாந்து சபையின் மிஷனரியாக 1936இல் சென்னைக்குக் கப்பலில் வந்தார். வந்த கொஞ்ச காலத்திலேயே பஸ் விபத்தில் கால் முறிந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1939இல் மறுபடி வந்து காஞ்சிபுரத்தில் தங்கி ஊழியம் செய்தார். தமிழை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்.

காஞ்சியில் அவர் செய்த ஒரு காரியம் அந்தக் காலத்து மிஷனரிகளிடம் எளிதில் பார்க்க முடியாதது. வாரத்தில் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துக்குப் போவார். சந்நியாசிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் சுவிசேஷமும் சேர்ந்து வாசிப்பார்கள். மடத்தின் பெரிய கூடத்தில் உலகத்துச் சமய குருமார்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுள் இயேசுவின் படமும் ஒன்று. கிறிஸ்துமஸ் அன்று அந்தப் படத்துக்கு வழிபாடு நடக்கும்.

இது அந்த மடத்தின் தனி வழக்கமல்ல. 1886இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், வங்காளத்து ஆண்ட்பூர் கிராமத்தில், பின்னாளில் விவேகானந்தரான நரேந்திரநாதரும் அவர் தோழர்களும் துறவு பூண உறுதி எடுத்ததை அந்தத் துறவியர் சங்கம் நினைவில் வைத்திருக்கிறது. அதனால் மயிலாப்பூர் மடம் உட்படச் சங்கத்தின் மடங்களில் டிசம்பர் 24 மாலை இயேசுவுக்கான மாலை. படத்தை அலங்கரித்து, மெழுகுவத்தி ஏற்றி, கேக்கும் பழமும் நைவேத்தியம் செய்து, பைபிள் வாசிப்பார்கள். தி.நகரில் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைத்த கிறிஸ்தவப் பெற்றோர் பலருக்கு இது தெரியும். சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கொஞ்சம் உறுத்தல்.

நியூபிகினுக்கு உறுத்தியது. 'எல்லா நதியும் ஒரே கடலுக்கு' என்ற பார்வைக்குள் இயேசுவையும் ஓரிடம் பார்த்து உட்காரவைத்துவிட்டார்கள், இந்தக் கும்பிடு கிறிஸ்துவுக்கு ஒருவன் தன்னைக் கொடுப்பது ஆகாது என்பது அவர் எண்ணம். அதை அவர் மறைக்கவில்லை. என்றாலும் அடுத்த வாரமும் போய் அதே தரையில் உட்கார்ந்தார். அடுக்ககச் சங்கக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் 'எல்லாம் ஒண்ணுதாங்க' என்ற பேச்சில் ஒரு சோம்பல் இருக்கிறது. ஒன்றுதான் என்றால் அடுத்தவன் நூலைப் பிரித்துப் பார்க்கும் வேலை மிச்சம். ஒன்றல்ல என்று நினைத்த இந்த மனிதர்தான் உபநிடதத்தை உட்கார்ந்து வாசித்தார். 'ஒன்று என்று ஒப்ப மாட்டேன்' என்ற அவர் நிலை எனக்கு மரியாதையாகத் தெரிவது இதனால்தான்.

கதை அத்தோடு நின்றிருந்தால் அவரும் தன் பக்கமே சரி என்று போன ஒரு பாதிரியார்தான். பல ஆண்டுகள் கழித்து, 1989இல் வெளிவந்த தம் நூலில் அவர் அந்தக் கூடத்துப் படத்துக்குத் திரும்புகிறார். இந்துக்கள் தங்கள் பார்வைக்குள் இயேசுவை அடக்கிக்கொண்டது தமக்கு உடனே கண்ணில் பட்டது; ஆங்கிலேயரான தாமும் தம் நாட்டுப் பண்பாட்டுக்குள் இயேசுவை அதேபோல அடக்கித்தான் வைத்திருந்தோம் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது என்று எழுதுகிறார். மடத்துக் கூடத்தில் உட்காராதவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை.

சபைப் பற்று என்பது பிற மதத்தாரிடம் மட்டுமா சோதிக்கப்படுகிறது? பக்கத்துச் சபையிடம்தான் அது அதிகம் முறைத்துக்கொள்ளும். 'நீங்க ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா, பெந்தெகொஸ்தேயா?' என்பது நம்மூர்க் கிறிஸ்தவர் இருவர் சந்தித்த பத்தாவது நிமிடத்தில் வரும் கேள்வி. (ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரங்களில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் நிற்பதைப் பார்த்தால், அங்கே பற்று எதன்மேல் என்று தனியே ஒரு வாரம் எழுத வேண்டும்.)

ஜெமினி பாலத்தருகே பிரியும் கதீட்ரல் சாலையில், புனித ஜார்ஜ் பேராலயத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை, அதாவது இந்த சி.எஸ்.ஐ., பிறந்தது. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், ஏற்கெனவே 1908இல் ஒன்றான பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்தன. 1919இல் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா முதலானோர் கூடிப் பேசத் தொடங்கி, 28 ஆண்டுகள் இழுத்த பேச்சு அது. அசரியா அதைப் பார்க்க இல்லை. 1945இன் முதல் நாளில் காலமானார். அன்று பேராயர்களாகப் பொறுப்பேற்றவர்களுள் 37 வயது நியூபிகினும் ஒருவர்; மதுரை-இராமநாதபுரம் அவருக்கு. பேராயர் என்ற பதவியே இல்லாத சபையில் வளர்ந்தவர் பேராயரானார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இணைப்பு விதிகளில் ஒரு வாக்குறுதி உண்டு. ஒரு சபையாருக்குப் பழக்கமில்லாத, அல்லது அவர்கள் மனச்சாட்சி ஒப்பாத வழிபாட்டு முறையையோ ஊழியரையோ அவர்கள்மேல் திணிப்பதில்லை என்பதே அது. பாமாலை பாடிப் பழகியவனுக்கு அவன் பாமாலை, பழைய ஜெபப் புத்தகத்தைப் பிடித்திருந்தவனுக்கு அது. ஒன்றாகச் சேர்ந்தவர்கள் தங்கள் பழைய வீட்டை இடிக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் எல்லாரும் வரவில்லை. லுத்தரன்கள் தனியே நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். ஆந்திரத்து நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் பெரும்பகுதியினர் பல ஆண்டுகள் சேர மறுத்தார்கள். லண்டனிலிருந்து கவிஞர் டி.எஸ். எலியட் 1943இலேயே இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் போட்டார். இப்படி ஒன்றாவது அழிவு என்பது அவர் வாதம். நம்மூர்ச் சபை விவகாரத்துக்காக ஆங்கிலக் கவிதையின் பெரிய மனிதர் பேனா எடுத்தார் என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. ஆனால் வெளியே நின்றவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. தரங்கம்பாடியில் 1706இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வழியைப் பிடித்து வந்தவர்கள், அதைச் சுலபமாக விட்டுக்கொடுத்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நியூபிகின் 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தார். ஓய்வு பெற்றதும் விமானம் ஏறவில்லை. மனைவி ஹெலனோடு, கையில் கொஞ்சம் சாமானோடு, பெரும்பாலும் கிடைத்த பஸ்களில் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். பின்னர் பர்மிங்ஹாமில் சிறைச்சாலை எதிரே இருந்த ஒரு சின்னச் சபைக்குப் போதகரானார். அங்கே வீடுவீடாகப் போன அனுபவத்தைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் வீடுகளில் பல கதவுகள் பாதி திறந்து மூடிக்கொண்டன. இந்திய, பாகிஸ்தானிய வீடுகளில் உள்ளே வரச் சொல்லி, உட்காரவைத்து, டீ கொடுத்தார்கள்.

சபையை விடாமலே எல்லாச் சமயத்தாரும் பாடும்படி கீர்த்தனைகள் எழுதிய ஒரு கத்தோலிக்க முன்சீப் இருந்தார், மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அடுத்த வாரம் அவர்.

(தொடரும்)