ஓடுகிற டிவியைக் கம்ப்யூட்டருக்குள் பிடிக்கும் குட்டிப் பெட்டி: இதெல்லாம் தெரியுமா?

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஒரு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என மூன்று துளைகள், மறுமுனையில் யு.எஸ்.பி. ஒயர். செட்டாப் பாக்ஸையோ பழைய வி.சி.ஆரையோ இதில் மாட்டினால் போதும், டிவியில் ஓடுவது கம்ப்யூட்டர் திரையில் ஓடும். ரெக்கார்ட் பட்டனைத் தட்டினால் ஹார்டு டிஸ்கில் பதிந்துவிடும். வீடியோ கேப்சர் கன்வர்ட்டர் என்று கடையில் கேட்டு வாங்கலாம். பார்த்தால் பரம சாது. உள்ளே நடக்கிற கூத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள்!

நொடிக்கு 2 கோடி பைட், தெரியுமா?

நம் ஊர் பழைய டிவி முறையில் ஒரு படத்துக்கு 720 x 576 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட். நொடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 2 கோடியே 7 லட்சம் பைட்! சுருக்காமல் அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 75 ஜிபி. சிடியில் எழுத நினைத்தால் நூறு சிடிக்கு மேல் வேண்டும், அதுவும் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு! அதனால்தான் டிஜிட்டல் வீடியோ (DV) என்ற முறை வந்தது. படத்தை ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கி, மணிக்கு 13 ஜிபியில் முடித்துவிடும். அதிலும் ஒரு வில்லங்கம்: ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. ஆகவே சுமார் 20 நிமிடத்தில், கதை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து, ரெக்கார்டிங் நின்றுவிடும்!

ஆறு நுழைகிற வாய்க்கால் எவ்வளவு குறுகல், தெரியுமா?

அந்தக் காலத்து யு.எஸ்.பி. 1.1 ஒயரில் நொடிக்கு 12 மெகாபிட்தான் போகும். சுருக்காத டிவி படமோ 160 மெகாபிட்டுக்கும் மேல். எப்படி அனுப்புவது? சுருக்கும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் விடாமல் பெட்டிக்குள்ளேயே முடித்துவிட்டார்கள்! 2002இல் மேக் கம்ப்யூட்டர்களுக்காக எல்காட்டோ கொண்டுவந்த ஐடிவி பெட்டி செய்தது இதைத்தான். இன்று யூடியூபில் கேம் ஆடிக் காட்டும் இளசுகளின் மேஜையில் இருக்கிறதே எல்காட்டோ கேப்சர் கார்டு, அதே பெயர்தான்! டிவி பிடித்த கை இன்று கேம் பிடிக்கிறது.

உலகத்தைச் சேர்த்துவைத்த எண் எது, தெரியுமா?

13.5! பழைய டிவியில் இந்தியா, இலங்கை, ஐரோப்பாவின் பெரும்பகுதி எல்லாம் பால் முறை, 625 வரிகள். அமெரிக்கா, ஜப்பான் என்.டி.எஸ்.சி. முறை, 525 வரிகள். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். டிஜிட்டலுக்கு மாறும்போது இரண்டுக்கும் ஒத்துவரும் ஓர் அளவைத் தேடினார்கள். 1982இல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்டது 13.5 மெகாஹெர்ட்ஸ். அதாவது, ஓடுகிற சிக்னலை நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை அளந்து எண்ணாக மாற்றுவது. இந்த வேகத்தில் அளந்தால் பால் முறையில் வரிக்குச் சரியாக 864 அளவுகள், என்.டி.எஸ்.சி.யில் சரியாக 858. மிச்சம் மீதி இல்லை! இரண்டிலும் படத்துக்கு 720 என்று ஒதுக்கினார்கள். டிவிடியின் 720 இங்கிருந்து வந்ததுதான். ஆனால் மென்பொருளில் முறையை மாற்றித் தேர்ந்தெடுத்தீர்களோ, படம் கருப்பு வெள்ளையாகி உருள ஆரம்பித்துவிடும்!

நாம் ஒல்லி, அமெரிக்கர் குண்டு! ஏன் தெரியுமா?

720 x 576 படத்தைக் கம்ப்யூட்டரில் அப்படியே திறந்தால் எல்லார் முகமும் ஒடுங்கித் தெரியும். அமெரிக்க 720 x 480 படத்தைத் திறந்தால் எல்லாரும் பூசினாற்போல் தெரிவார்கள். டயட்டும் இல்லை, விருந்தும் இல்லை! டிவியின் புள்ளி சதுரம் கிடையாது. கம்ப்யூட்டரின் புள்ளி சதுரம். விஷயம் அவ்வளவுதான். 576 வரிக்கு அகலத்தை 768 என்று இழுத்துவிட்டால் 4:3 என்ற அகல-உயரக் கணக்கு சரியாகி, முகம் பழைய முகமாகிவிடும். திரை மூலையில் வட்டமான சேனல் லோகோ இருந்தால் அதைப் பார்த்தே சரிபார்க்கலாம்.

பௌலரின் கையில் சீப்பு முளைப்பது தெரியுமா?

பதிவுசெய்த கிரிக்கெட் மேட்ச்சில் பௌலர் கையைச் சுழற்றும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கையின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி வரிவரியாகப் பிளந்து நிற்கும். பெட்டி பழுதில்லை! பழைய டிவி ஒரு படத்தை முழுதாக அனுப்பியதே கிடையாது. முதலில் ஒற்றைப்படை வரிகள், நொடியில் 50இல் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படை வரிகள். அந்த இடைவெளியில் கை நகர்ந்துவிட்டது! குழாய் டிவியில் கண் ஏமாந்தது. கம்ப்யூட்டரோ இரண்டு பாதியையும் ஒட்டிவைத்துக் குட்டை உடைத்துவிட்டது.

உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்! யார் குற்றம், தெரியுமா?

படம் கன்வர்ட்டர் வழியாக, ஒலி கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு வழியாக என்று பிரித்து எடுத்தால், இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம். உள்ளே துடிக்கும் இரண்டு குவார்ட்ஸ் படிகங்களும் ஒரே வேகத்தில் துடிக்காது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் போதும், ஒரு மணி நேரத்தில் ஒலி 0.36 நொடி விலகிவிடும். அதாவது 9 படங்கள்! முதல் பாட்டு கச்சிதம், கிளைமாக்ஸில் டப்பிங் படம். ஜப்பானின் கேனோபஸ் நிறுவனத்தின் ஏ.டி.வி.சி. 100 பெட்டியை இன்றும் பழைய கைகள் தேடி அலைவதற்கு இதுவே காரணம்: அது ஒலியையும் படத்தையும் ஒரே கடிகாரத்தில் பூட்டி அனுப்பும்.

கண்ணுக்குத் தெரியாத வரிகளில் என்ன இருந்தது, தெரியுமா?

625 வரிகளில் படத்துக்கு 576தான். மீதி 49? குழாய் டிவியின் மின்கற்றை கீழிருந்து மேலே திரும்பிப் போவதற்கான ஓய்வு நேரம். அந்த ஓய்விலும் வேலை வாங்கியது பிபிசி! 1974இல் சீஃபேக்ஸ் என்ற டெலிடெக்ஸ்ட் சேவையை அந்த வரிகளில் ஒளித்து அனுப்பியது. செய்தி, வானிலை, விளையாட்டு எல்லாம் எழுத்தாகவே திரையில் வரும். விசித்திரம் கேளுங்கள்: எண்பதுகளில் வீட்டில் வி.எச்.எஸ். கேசட்டில் நிகழ்ச்சியைப் பதிந்தவர்கள் தங்களை அறியாமல் அந்தப் பக்கங்களையும் பதிந்துவைத்தார்கள். கேசட்டில் அது மங்கிப்போயிருக்கும். ஆனால் ஒரே பக்கம் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகும் அல்லவா? அந்த மறைவரிகளையும் எடுக்கத் தெரிந்த கேப்சர் கார்டு ஒன்று இருந்தால் போதும். பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்று ஒப்பிட்டு, எழுத்துகளை மீட்டுவிடுகிறார்கள் ஆர்வலர்கள்!

காபிக்காக ஒரு கேப்சர் கார்டு, தெரியுமா?

1991, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஆய்வகம். மாடிப்படி ஏறிப் போனால் காபி ஜாடி காலி! வெறுத்துப்போனவர்கள் ஜாடிக்கு முன்னால் ஒரு கேமராவை வைத்தார்கள். அதை ஆக்கார்ன் கம்ப்யூட்டர் ஒன்றின் ஃப்ரேம் கிராப்பர் என்ற கேப்சர் கார்டில் மாட்டி, 128 x 128 புள்ளியில் கருப்பு வெள்ளைப் படமாக எல்லார் திரைக்கும் அனுப்பினார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. உலகின் முதல் வெப்கேம்! 2001இல் அணைக்கும்போது அந்த ஜாடி ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது.

டிவி டியூனர் விமானம் பிடிக்கும், தெரியுமா?

இந்தப் பெட்டிக்கு ஒரு தம்பி உண்டு: டிஜிட்டல் டிவி பார்க்க யு.எஸ்.பி.யில் செருகும் டியூனர் குச்சி. அவற்றில் பலவற்றுக்குள் ரியல்டெக்கின் ஆர்.டி.எல். 2832 யூ என்ற சிப் இருந்தது. எஃப்.எம். ரேடியோ கேட்பதற்காக, வானலையை அப்படியே பச்சையாகக் கம்ப்யூட்டருக்குத் தள்ளும் ஒரு வசதி அதில் ஒளிந்திருந்தது. 2012 வாக்கில் ஆர்வலர்கள் அதைக் கண்டுபிடித்ததும் கதையே மாறியது. 1090 மெகாஹெர்ட்ஸில் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும் குரல், வானிலைச் செயற்கைக்கோளின் படம், தகுந்த ஆன்டெனாவும் ஆம்ப்ளிஃபையரும் இருந்தால் பால்வெளியின் ஹைட்ரஜன் அனுப்பும் 1420 மெகாஹெர்ட்ஸ் முணுமுணுப்புகூட! சீரியல் பார்க்க வாங்கிய குச்சி மொட்டை மாடியில் வானொலித் தொலைநோக்கியாகிவிட்டது.

வீட்டில் பதிவது குற்றமா? ஒரே ஓட்டு, தெரியுமா?

1975இல் சோனியின் பீட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் வந்ததும் ஹாலிவுட் கொதித்தது. யுனிவர்சல் நிறுவனம் வழக்குப் போட்டது. 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது நியாயமான பயன்பாடே என்றது. 5க்கு 4! ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

நிலையம் அழித்தது, வீடு காத்தது! தெரியுமா?

டேப் விலை அதிகம் என்று பழைய நிகழ்ச்சிகளை பிபிசியே அழித்த காலம் உண்டு. ‘டாக்டர் ஹூ’ தொடரில் மட்டும் 90க்கும் மேற்பட்ட எபிசோடுகள் தொலைந்தன. ஆனால் அவற்றின் ஒலி முழுதும் இருக்கிறது. எப்படி? அறுபதுகளில் ரசிகர்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிந்துவைத்திருந்தார்கள்!

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற முன்னாள் நூலகர் செய்ததோ அசுர சாதனை. 1979இல் ஈரான் பணயக்கைதிகள் விவகாரம் வெடித்தபோது செய்திகளை இரவு பகலாகப் பதிய ஆரம்பித்தார். 2012இல் உயிர் பிரியும்வரை நிறுத்தவில்லை. பல வி.சி.ஆர்.கள் ஒரே நேரத்தில் ஓடும். கேசட் மாற்றும் நேரத்தை வைத்தே குடும்பம் வெளியே போய் வரும். சேர்ந்தவை 70,000க்கும் மேற்பட்ட கேசட்டுகள்! இன்டர்நெட் ஆர்கைவ் அவற்றைப் பெற்றுக்கொண்டு கம்ப்யூட்டருக்கு மாற்றும் பணியில் இறங்கியது.

இனி உங்கள் முறை. டிவியில் பதிந்த பழைய பேட்டி, மேட்ச், நாடகம் ஏதாவது கேசட்டில் பரணில் கிடக்கிறதா? நம் ஊர் ஈரத்தில் டேப்புக்குப் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பதிவும் மங்கும். ஓடுகிற டெக் கிடைப்பது வருடத்துக்கு வருடம் குதிரைக் கொம்பாகிவருகிறது. பால் முறையைத் தேர்ந்தெடுங்கள், டிஸ்கை என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்யுங்கள், ஒலியையும் படத்தையும் ஒரே பெட்டி வழியாகவே எடுங்கள். முதலில் பத்து நிமிடம் பதிந்து சரிபாருங்கள். பிறகு முழுக் கேசட்டையும் ஓடவிடுங்கள். அந்த நிகழ்ச்சியின் ஒரே பிரதி உங்கள் வீட்டில்தான் இருக்கலாம், யார் கண்டது?