கண்ணைத் திறந்துகொண்டே கனவா! தெரியுமா?

"எந்த உலகத்துல இருக்கே?" என்று வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? சிலர் நிஜமாகவே வேறு உலகத்தில்தான் இருக்கிறார்கள்!

2002-ல் இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக உளவியலாளர் எலி சோமர், தன்னிடம் சிகிச்சைக்கு வந்த வெறும் 6 பேரை வைத்தே இப்படிப் பகற்கனவிலேயே வாழும் பழக்கத்துக்குத் தனிப் பெயர் சூட்டினார், தெரியுமா? மனத்தில் பட்ட அடி வலிக்காமலிருக்க அவர்கள் பகற்கனவுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள்! மணிக்கணக்கில்!

எத்தனை மணி என்கிறீர்களா? 2016-ல் வந்த ஓர் ஆய்வில் இப்படிக் கனவு காண்பவர்களே சொன்ன கணக்கு: விழித்திருக்கும் நேரத்தில் சராசரியாக 57 சதவீதம்! மற்றவர்களுக்கு 16 தான்! 16 மணி நேரம் விழித்திருந்தால் 9 மணி நேரம் காலி! ஆபீஸ் நேரத்தைவிட அதிகம் சாமி!

மோட்டுவளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள் என்றா நினைத்தீர்கள்? இல்லை! பலர் பாட்டைப் போட்டுவிட்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே கனவு காண்கிறார்கள்! கனவு என்று நன்றாகத் தெரியும். விடத்தான் முடியவில்லை!

1895-ல் பிராயரும் பிராய்டும் வெளியிட்ட நூலில் வரும் 'அன்னா ஓ' என்ற பெண், தன் பகற்கனவுக்கு வைத்த பெயர் தெரியுமா? 'சொந்த நாடகக் கொட்டகை'! வீட்டு வேலை செய்துகொண்டே நாடகம் ஓடும். கூப்பிட்டால் பதிலும் வரும். யாருக்குமே சந்தேகம் வரவில்லை!

இங்கிலாந்தின் பிராண்டே வீட்டுப் பிள்ளைகள், 1821-ல் அம்மாவையும் 1825-ல் இரண்டு அக்காக்களையும் பறிகொடுத்தவர்கள். 1826-ல் அப்பா வாங்கி வந்த 12 மரச் சிப்பாய்களை வைத்தே கற்பனை நாடுகளைப் படைத்தார்கள்! தீப்பெட்டி அளவில் புத்தகம் எழுதினார்கள்! பகற்கனவு மனத்தைக் கெடுத்துவிடும் என்று 1837-ல் அவர்களில் ஒருவரான சார்லட்டை எச்சரித்தவர் யார்? அரசவைக் கவிஞர் ராபர்ட் சதே! சரியாகப் பத்தே வருடத்தில் சார்லட் 'ஜேன் அயர்' நாவலை எழுதி வெளியிட்டுவிட்டார்!

இனிமேல்தான் உச்சம்! அமெரிக்க மனநல சிகிச்சையாளர் ராபர்ட் லிண்ட்னர் 1955-ல் வெளியிட்ட நூலில் 'கிர்க் ஆலன்' என்ற புனைபெயரில், அவரிடம் சிகிச்சைக்கு வந்த ஓர் இயற்பியலாளர் வருகிறார். அன்பே கிடைக்காத சிறுவயது. ஒரு நாள் நாவல் ஒன்றைப் பிரித்தால், கதாநாயகனுக்கு அவருடைய பெயர்! அது தன் வாழ்க்கை வரலாறே என்று நம்பி, மிச்சக் கதையைத் தானே எழுத ஆரம்பித்தார். எவ்வளவு தெரியுமா? தட்டச்சில் 12,000 பக்கம்! 82 வண்ண வரைபடங்கள்! 161 கட்டட வரைபடங்கள்!

லிண்ட்னர் என்ன செய்தார்? வாதாடிப் பயனில்லை என்று அவரும் அந்தக் கற்பனை உலகத்துக்குள் இறங்கினார். அதிலுள்ள கணக்குகளைச் சரிபார்த்தார், பிழை கண்டுபிடித்தார், நோயாளி இல்லாத நேரத்திலும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்! கடைசியில் ஆலன் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார்: அதையெல்லாம் தான் கைவிட்டு வாரக்கணக்காகிவிட்டதாம்! பிறகு ஏன் நடித்தார்? டாக்டருக்கு அது தேவைப்படுகிறதே என்றுதான்!