காலுக்கு எட்டினது கைக்கு எட்டல!

நம்ம உசரம் அஞ்சடி ரெண்டங்குலம். அதனால லொங்குய்ய்ல செகண்ட்ஹாண்ட் பைக் தேடினப்போ சீட் உசரத்தை மட்டும்தான் பார்த்தேன். ஹோண்டா ரெபெல் 500, சீட் 690 மில்லிமீட்டர். ரெண்டு காலும் தரையில பச்சக்! ஆனா ழாக் கார்ட்டியே பாலம் தாண்டறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடும். ஹேண்டில்பாரை எக்கித்தான் புடிக்கணும். (ஊர்ல ஸ்ப்ளெண்டர் ஓட்டினப்போ இந்தக் கவலையே இருந்ததில்லை.)

இதுக்கு இருக்கவே இருக்கு ரைசர். ஹேண்டில்பாருக்கு அடியில வைக்கிற அலுமினியக் கட்டை. பாரை உசத்தறதோட, ஓர் அங்குலம் நம்ம பக்கமாவும் தள்ளிக் கொடுக்கும். கூடவே வந்த நீள போல்ட்டை முடுக்கிட்டு, பெரிய மெக்கானிக் கணக்கா ஸ்டார்ட் பண்ணி, நின்ன இடத்துலயே ஹேண்டிலை இடப்பக்கம் முழுசா ஒடிச்சேன். ஆக்ஸிலேட்டரைத் தொடவே இல்லை, எஞ்சின் தானா உறுமுது!

பார் உசந்ததுல கேபிள் நீளம் பத்தாம இழுத்துக்கிச்சு. இதே யு-டர்ன் அடிக்கறப்போ நடந்திருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குது. கேபிளை நேர்வழியில மாத்தி விட்டதும் உறுமல் அடங்கிடுச்சு. கிளட்ச் கேபிள், ப்ரேக் ஹோஸ் ரெண்டும் விறைக்குதான்னு ரெண்டு பக்கமும் ஒடிச்சுப் பார்த்துட்டு அப்புறம் ரோட்டுல இறக்குங்க மக்கா.

இப்போ தோள் வலி போயே போச்சு. கண்ணாடியில மட்டும் பின்னாடி வர்ற வண்டிக்குப் பதிலா என் முழங்கை தெரியுது. அடுத்த செலவு அதுக்குத்தான் :-)