மழையில் பர்வதமலையா? கை விறைத்தால் திரும்புங்கள்!

மார்கழி பிறந்துவிட்டால் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கமிருந்து வேன் பிடித்துப் பர்வதமலைக்குக் கிளம்புவார்கள். "டாக்டர், முட்டிக்கு ஒரு தைலம் கொடுங்க" என்று என்னிடமும் வருவார்கள். "மழை வரும்போல இருக்கே?" என்றால், "சாமி பார்த்துக்கும் சார்!" என்று சிரிப்பார்கள்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அந்த வருடம் தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. அது மலை தரும் ஆபத்து. உங்கள் உடம்புக்குள்ளேயே வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அதே மாவட்டத்தில் உள்ள பர்வதமலை சுமார் 4,500 அடி உயரம். உச்சியை நெருங்கும்போது செங்குத்துப் பாறை. கடப்பாறையையும் சங்கிலியையும் பிடித்துத்தான் ஏற வேண்டும். கால் மட்டும் போதாது, கை வேண்டும். குளிர் முதலில் முடக்குவது அந்தக் கையைத்தான்.

ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய 2 டிகிரி வெப்பம் குறையும். மேலே ஈர வேட்டி, அதன்மேல் காற்று. இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏறுகிறவருக்கு, நடுங்கிச் சூடு உண்டாக்கக்கூடத் தெம்பு இருக்காது. இமயமலைப் பனி வேண்டியதில்லை. 15 டிகிரியிலும் நனைந்தவருக்கு இது வரும்.

சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். விரல் ஒத்துழைக்கவில்லையா? கடப்பாறையைத் தொடாமல் இறங்கிவிடுங்கள். பேச்சு குழறுவது, தள்ளாடுவது இன்னும் மோசம். நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்று, ஆள் மந்தமாகிவிட்டால், 'சரியாப் போச்சு' என்று விட்டுவிடாதீர்கள். 37 டிகிரி இருக்க வேண்டிய உடல் வெப்பம் 35-க்கும் கீழே போயிருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அதுவரை காற்று படாத இடத்தில் வைத்து, ஈரத்துணியைக் களைந்து, தலையோடு சேர்த்துக் கம்பளியால் சுற்றுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் வெல்லம் போட்ட சுக்குக் கஷாயம் வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், முதலில் காய்ந்த துணி, அப்புறம்தான் கஷாயம். 'குளிருக்கு ஒரு கட்டிங்' என்பவர்களை நம்பாதீர்கள். சாராயம் தோலில் சூடு காட்டி, உள் வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

தைலம் தருகிறேன், எடுத்துப் போங்கள். கூடவே ஒரு சட்டையும் துண்டும் பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். கடலை மிட்டாய் நாலும் போடுங்கள்.