இரண்டாவது கேள்வி

மக்கள் பணமும் மக்கள் மன்றமும் – 7

உறுப்பினர் கேள்வி கேட்கிறார், அமைச்சர் பதில் சொல்கிறார். நாடாளுமன்றக் கேள்வி நேரம் என்றதும் நமக்குத் தோன்றும் சித்திரம் இவ்வளவுதான். இதில் உயிரான பகுதி விட்டுப்போகிறது. மக்களவையில் ஒரு கேள்வி காலை 11 மணிக்கு அவைக்கு வருமுன் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கும். குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. குலுக்கலில் வர வேண்டும். வந்தால் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு பச்சைத் தாளில் அச்சாகும், 230 கேள்விகள் குறியில்லாமல் வெள்ளைத் தாளில் அச்சாகும். வெள்ளைத் தாளில் இருப்பவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அத்தோடு சரி. பச்சைத் தாளில் இருப்பவற்றுக்கும் பதில் முன்கூட்டியே எழுதி அவையில் வைக்கப்பட்டுவிடுகிறது. பிறகு எதற்காக அமைச்சர் எழுந்து நிற்க வேண்டும்? அடுத்து வரப்போகும் கேள்விக்காக. அதைத் துணைக் கேள்வி என்கிறார்கள். அது எந்தத் தாளிலும் இருக்காது. எழுதிக் கொடுத்த பதிலில் எது சொல்லாமல் விடப்பட்டதோ, அதைப் பிடித்துக்கொண்டு வரும். அரசைக் கணக்குச் சொல்ல வைக்கும் வலிமை இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

இதை நமக்கு முன்பே நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள். 1892ஆம் ஆண்டு இந்திய கவுன்சில்கள் சட்டம், சட்ட மன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமையை முதன்முதலாகத் தந்தது. அந்த உரிமையின் கீழ் 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா மகாராஜா கேட்ட முதல் கேள்வி, சாம்ராஜ்ய அரசியலைப் பற்றியது அல்ல. அரசு அதிகாரிகள் சுற்றுப்பயணம் போகும்போது, அவர்களுடைய முகாமுக்குச் சாமான்கள் கொடுத்தாக வேண்டிய கிராமத்து வியாபாரிகள் படும் பாட்டைப் பற்றியது. அரிசி, பருப்பு, தீவனக் கணக்கு. ஆனால் பதில் வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும்; மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க முடியாது. அந்த வாசல் திறக்க 1909 வரை ஆயிற்று. அப்போதும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டுமே அனுமதி. மற்ற உறுப்பினர்களும் இடையில் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம் என்ற நிலை 1919 சீர்திருத்தங்களோடுதான் வந்தது. முதல் கேள்வியைக் கொடுத்துவிட்டு இரண்டாவதை 17 ஆண்டுகள் பூட்டி வைத்திருந்தார்கள் என்றால், எதற்கு அஞ்சினார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சுதந்திர இந்தியாவில் இந்த ஆயுதம் முழு வீச்சோடு இறங்கியது முந்த்ரா விவகாரத்தில். 1956இல் ஆயுள் காப்பீடு தேசியமயமாகி எல்.ஐ.சி. பிறந்தது. மறு ஆண்டு ஜூன் மாதம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கியது. பாலிசிதாரர்கள் மாதாமாதம் கட்டிய பிரீமியப் பணம் அது. முதலீடு செய்யுமுன் ஆலோசனை கேட்பதற்கென்றே ஒரு முதலீட்டுக் குழு இருந்தது, அதைக் கேட்கவில்லை. 1957 செப்டம்பரில் மக்களவையில் இதுபற்றிய முதல் கேள்வி எழுந்தது. பதில் வந்தது, உண்மை வரவில்லை. நவம்பரில் மறுபடி கேட்டார்கள். ஒவ்வொரு பதிலிலும் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது; அந்த வெளிச்சத்தில் அடுத்த கேள்விக்கான நூல்முனை தெரிந்தது. எந்த நிறுவனத்தின் பங்கு, எந்தத் தேதியில், என்ன விலைக்கு, அன்று சந்தையில் என்ன விலை, யார் சொல்லி வாங்கினார்கள்? டிசம்பர் 16 அன்று பெரோஸ் காந்தி பேச எழுந்தபோது, தேதியும் விலையும் ஆவணமும் அவர் கையில் இருந்தன.

பெரோஸ் காந்தி ரேபரேலியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். அவர் கேள்வி தொடுத்தது தன் சொந்தக் கட்சி அரசை நோக்கி. எதிரே இருந்தவர் சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, டி.டி.கே. என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆற்றல் மிக்க நிர்வாகி. அரசு பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை விசாரணைக்கு நியமித்தது. விசாரணையைத் திறந்த மன்றத்தில் நடத்தினார் சாக்ளா. உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி கட்ட வேண்டியிருந்தது. ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்தது. நிதித்துறைச் செயலாளர் செய்த காரியத்துக்கும் அமைச்சரே அரசியல் சாசனப்படி பொறுப்பு என்றார் நீதிபதி. அவர் சொன்ன இன்னொன்று அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை: நாடாளுமன்றத்திடம் அமைச்சர்கள் தொடக்கத்திலேயே முழு விவரத்தையும் வைத்துவிட வேண்டும், வேறெங்கிருந்தோ உண்மை வெளிவரும்வரை காத்திருக்கக் கூடாது. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். செப்டம்பரில் வந்த முதல் பதிலோடு அவை திருப்தி அடைந்திருந்தால், ஒன்றேகால் கோடியும் ஒரு கணக்குப் புத்தகத்தின் வரியாக அடங்கிப்போயிருக்கும்.

எழுத்துபூர்வமான பதில் போதாதா, அதில்தானே புள்ளிவிவரம் இருக்கிறது, நேரில் பேசுவது வெறும் நாடகம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் இதை நடத்தியே பார்த்துவிட்டார்கள். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் கைவிடப்பட்டது. எழுத்துப் பதில்கள் மட்டும் தொடரும் என்றார்கள். ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்த புலம்பெயர் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று செப்டம்பர் 14 அன்று மக்களவையில் எழுத்தில் கேட்கப்பட்டது. அப்படிப்பட்ட தரவு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்தீர்களா என்ற அடுத்த பகுதிக்கு, தரவு இல்லாததால் அந்தக் கேள்வியே எழவில்லை என்று பதில். நான்கு நாள் கழித்து மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சகம் வேறொரு எழுத்துப் பதில் தந்தது: மாநிலக் காவல் துறைகள் கொடுத்த தகவலின்படி, ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்தார்கள், அவர்களில் 87 பேரின் உடல்கள் பிரேதப் பரிசோதனைக்குப் போயின, 51 அறிக்கைகள் வந்திருக்கின்றன. ரயிலில் இறந்தவர்களை மாநிலக் காவல் துறையிடம் கேட்டு எண்ண முடிந்தது என்றால், சாலையில் இறந்தவர்களை ஏன் எண்ண முடியாது? எண்ண வேண்டாம் என்று முடிவு செய்தவர் யார்? கேள்வி நேரம் இருந்து, இந்தக் கேள்வி பச்சைத் தாளில் ஏறியிருந்தால், எந்தக் கட்சி உறுப்பினரும் எழுந்து அடுத்த நிமிடமே கேட்டிருக்கக்கூடிய கேள்வி இது. கேட்க இடமில்லை. ‘தரவு இல்லை’ என்ற இரண்டு சொல்லே முடிவாக நின்றுவிட்டது. அந்தத் தொழிலாளர்களின் வீட்டாருக்கு இன்றும் அது உறுத்தும். நமக்கும் உறுத்த வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்பது அடுத்த வாதம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் நம் காலத்தின் பெரும் சாதனை. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சட்டம் கோப்பில் இருப்பதைத்தான் தரும். ஏன் கோப்பில் இல்லை என்று தகவல் அலுவலரிடம் கேட்டால் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். கொள்கை முடிவுக்கு அவர் பொறுப்பும் அல்லர். அமைச்சர் பொறுப்பு. அதோடு, அந்தச் சட்டமே நாடாளுமன்றத்தைத்தான் அளவுகோலாகக் கொண்டு இயற்றப்பட்டது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்று அதன் 8ஆம் பிரிவு அப்போது சொன்னது. அவைக்குச் சொல்வதை அரசு சுருக்கிக்கொண்டே போனால், குடிமகனுக்குக் கிடைப்பதும் சுருங்கும்.

கேள்விகள் விலைக்குப் போன வரலாறும் இருக்கிறதே என்று யாராவது சொன்னால், மறுக்க முடியாது. 2005 டிசம்பரில், கேள்வி கேட்கப் பணம் வாங்கியதாக 11 உறுப்பினர்கள், மக்களவையில் 10 பேரும் மாநிலங்களவையில் ஒருவரும், பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெட்கப்பட வேண்டிய நாள்தான். ஆனால் அன்று விலைபோனது எது என்று பார்க்க வேண்டும். முன்கூட்டியே எழுதிக் கொடுக்கும் கேள்வி, அதாவது முதல் கேள்வி. அதை யார் வேண்டுமானாலும் எழுதி உறுப்பினர் கையில் திணிக்கலாம். பதிலைக் கேட்ட மறுகணம், அவையில் இருக்கும் பலரில் யார் எழுந்து என்ன கேட்பார் என்பதை எந்தத் தரகராலும் முன்கூட்டி வாங்கி வைக்க முடியாது.

எனக்குக் கடினமாகப் படுவது வேறொரு ஆட்சேபம். 20 கேள்விகள் பட்டியலில் இருந்தாலும், பல நாள் ஐந்தாறுகூட வாய்மொழிப் பதிலை எட்டுவதில்லை. அமளியில் ஒரு மணி நேரமும் கரைந்துவிடுகிறது. காலைப் பொழுது தொடர்ந்து வீணானதால் மாநிலங்களவை 2014இல் கேள்வி நேரத்தை நண்பகல் 12 மணிக்கு மாற்றியது. இதில் எதிர்க்கட்சிகளுக்கும் பங்கு உண்டு. ஆளும் கட்சி எதுவானாலும் சரி, எதிரே இருப்பவர்கள் மையப்பகுதிக்கு இறங்கி முழக்கமிடும்போது தப்பிக்கிறவர் அமைச்சர்தான். அமளி நாளில் நட்சத்திரக் கேள்விகளும் எழுத்துப் பதிலோடு முடிந்துவிடுகின்றன. பச்சைத் தாள் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. செலவைக் கேள்வி கேட்கும் மற்ற வழிகள் செழிப்பாக இருந்தாலாவது மனம் ஆறலாம். மானியக் கோரிக்கையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து, ஒரு துறையின் குறையை அவையில் பேசலாம் என்பது அழகான மரபு. ஆனால் 2018இலும் 2023இலும் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேறின. பின்னதில் நிறைவேறியது ஏறத்தாழ 45 லட்சம் கோடி ரூபாய் செலவுத் திட்டம். பொதுக் கணக்குக் குழு நல்ல வேலை செய்கிறது என்றாலும், அது பார்ப்பது செலவழிந்து முடிந்த பணத்தை. நடக்கும் ஆண்டில் நடக்கும் காரியத்தைக் கேட்க மிஞ்சியிருப்பது அந்த ஒரு மணி நேரம்.

ஆளும் கட்சி உறுப்பினர் வாய் திறந்தால் பதவி போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985இல் வந்தது. தானாகக் கட்சியை விட்டு விலகுவதையும், கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பதையும் வாக்கெடுப்பைப் புறக்கணிப்பதையும்தான் அது தண்டிக்கிறது. கேள்வி கேட்பதை அல்ல. பெரோஸ் காந்தி செய்ததைச் செய்ய இன்றும் சட்டத் தடை எதுவுமில்லை. தடை அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்குமா என்ற கணக்கில் இருக்கிறது. அதைச் சட்டத்தின் தலையில் போடக் கூடாது.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்ற வாக்கியத்தை நாடாளுமன்றப் பதில்களில் அடிக்கடி பார்க்கலாம். இப்படிச் சொல்லிவிட்டு அமைச்சர் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. அந்த வாக்கியம் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். உட்கார்ந்துவிட்ட உறுப்பினருக்குப் பதிலாக, குழு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் வேலை தனியாகப் பார்க்க வேண்டியது. அடுத்த வாரம் அதற்கு வருவோம்.

அதற்கு முன் ஒரு கோப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கேள்வி பச்சைத் தாளில் ஏறிவிட்டது என்று தெரிந்தவுடன், சம்பந்தப்பட்ட அமைச்சகத்தில் பதிலோடு கூட ‘துணைக் கேள்விகளுக்கான குறிப்பு’ என்று ஒன்றும் தயாராகும். உறுப்பினர்கள் என்னவெல்லாம் கேட்கக்கூடும் என்று அதிகாரிகள் உட்கார்ந்து யோசிப்பார்கள். எந்த மாவட்டத்தில் பணம் செலவாகாமல் கிடக்கிறது, எந்தத் திட்டம் தாமதமானது, ஏன் என்று தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்டு விடை எழுதுவார்கள். கள அலுவலகங்களுக்கு அவசரமாகத் தொலைபேசி போகும். யாரும் கேட்காமல் கிடந்த கணக்கு ஒன்று மேசைக்கு வரும். அவையில் அந்தக் கேள்வி கடைசியில் எழாமலே போகலாம். அந்த யோசனை நடந்துவிட்டது. வெள்ளைத் தாளில் இருக்கும் கேள்விக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. 2020 செப்டம்பர் 14 அன்று போன பதிலுக்கும் தேவைப்படவில்லை.